கலோரி ஆப் வைத்து எடை குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப் போட்டாலே எடை குறைந்துவிடுமா?

குறையாது. அது ஒரு கணக்குப்பிள்ளை. வரவும் செலவும் எழுதி வைக்கும். வரவைக் குறைப்பது உங்கள் கையில். ஆனால் அந்தக் கணக்கு இல்லாமல் பெரும்பாலோர் தடுமாறுவதும் உண்மை. 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்த ஓர் ஆய்வில், "நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லை" என்று சொன்னவர்களின் உண்மையான உணவை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47% குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடல் உழைப்பை 51% கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். மனக்கணக்கு அப்படித்தான் வழுக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஆப் எதையும் அளப்பதில்லை. நீங்கள் கொடுத்த எண்ணை, யாரோ ஏற்றி வைத்த பட்டியலோடு பெருக்கிக் கூட்டுகிறது, அவ்வளவுதான். திரையில் 1,483 என்று காட்டினால் அந்தக் கடைசி 83-க்கு மதிப்பில்லை.

உணவுப் பொட்டலத்தில் கிலோஜூல் என்று போட்டிருக்கிறதே, எதை எழுதுவது?

நாம் பேச்சில் கலோரி என்பது உண்மையில் கிலோகலோரி. ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூல். பொட்டலத்தில் 850 கிலோஜூல் என்றிருந்தால் அது சுமார் 203 கலோரி. 850-ஐ அப்படியே கலோரிக் கட்டத்தில் அடித்துவிட்டு, மதியத்திற்குள்ளேயே இலக்கைத் தாண்டிவிட்டதாகப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஆப்பின் செட்டிங்ஸில் அலகு எதுவென்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்த ஆப் நல்லது?

பெயரைவிட நான்கு வசதிகளைப் பாருங்கள். அளவை கிராமில் அடிக்க முடிய வேண்டும். சொந்தச் சமையல் குறிப்பைச் சேமிக்க முடிய வேண்டும். ஏழு நாள் சராசரி காட்ட வேண்டும். தரவைக் கோப்பாக வெளியே எடுக்க வழி இருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால் மற்றதெல்லாம் அலங்காரம்.

உணவுப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ஆப்புக்கு ஆப் பெரிய வேறுபாடு. மைஃபிட்னஸ்பாலில் பயனர்களே ஏற்றிய பதிவுகள் ஏராளம்; தேடினால் எதுவும் கிடைக்கும், ஆனால் ஒரே உணவுக்குப் பத்து விதமான எண்கள் வரும். க்ரோனோமீட்டர் போன்றவை அமெரிக்க வேளாண் துறையின் தரவு உள்ளிட்ட சரிபார்த்த பட்டியல்களை நம்பியிருப்பவை. பதிவுகள் குறைவு, நம்பகம் அதிகம். வீட்டில் சமைத்தே சாப்பிடுகிறவருக்கு இரண்டாவது வகை பொருந்தும். பொட்டல உணவு அதிகம் என்றால் பார்கோடு வசதி முக்கியம். அதைச் சில ஆப்கள் கட்டணப் பிரிவுக்குள் வைத்திருக்கின்றன என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் வயது, உயரம், உழைப்பு நிலை எல்லாம் கேட்கிறதே, எப்படி நிரப்புவது?

வயது, உயரம், எடை ஆகியவற்றில் யாரும் தவறுவதில்லை. தவறுவது உழைப்பு நிலையில். பல ஆப்கள் 1990-இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. எடையை (கிலோ) 10-ஆல் பெருக்கி, உயரத்தை (செ.மீ.) 6.25-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். அதிலிருந்து வயதின் 5 மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆணுக்கு 5 கூட்ட வேண்டும், பெண்ணுக்கு 161 கழிக்க வேண்டும். வருவது, உடல் சும்மா கிடந்தாலும் ஒரு நாளைக்கு எரிக்கும் கலோரி.

38 வயது, 162 செ.மீ., 74 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்குப் போட்டுப் பார்ப்போம்: 740 + 1,012 − 190 − 161, சுமார் 1,400. இதை உழைப்பு நிலையால் பெருக்க வேண்டும். நாள் முழுதும் உட்கார்ந்த வேலை என்றால் 1.2, கொஞ்சம் நடை, வாரத்தில் ஓரிரு நாள் பயிற்சி என்றால் 1.375, வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள் நல்ல பயிற்சி என்றால் 1.55. அதே பெண்ணுக்கு 1.2 போட்டால் 1,680, 1.55 போட்டால் 2,170. ஒரே ஒரு பொத்தானில் கிட்டத்தட்ட 500 கலோரி மாறுகிறது. எடை குறைப்புக்காகத் திட்டமிட்ட பற்றாக்குறை (எரிப்பதைவிடக் குறைத்துச் சாப்பிடும் அளவு) முழுவதையும் அந்தப் பொத்தானே விழுங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு படி கீழே தேர்ந்தெடுங்கள்.

ஒரு வாரத்துக்கு எவ்வளவு குறைய வேண்டும் என்று இலக்கு வைப்பது?

உடல் எடையில் 0.5% முதல் 1% வரை. மேலே சொன்ன 74 கிலோ பெண்ணுக்கு 0.5% என்றால் 370 கிராம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருப்பதாக வைத்தால், நாளுக்கு 400 கலோரி பற்றாக்குறை. 1.375 போட்டு வந்த 1,925-இல் இதைக் கழித்தால் இலக்கு சுமார் 1,525.

ஆப் "வாரம் 1 கிலோ" என்று ஆசை காட்டும். 1 கிலோ என்றால் நாளுக்கு 1,100 கலோரி கழிக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது 825. அது உணவுத் திட்டமில்லை, பட்டினி. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200-க்கும் ஆண்கள் 1,500-க்கும் கீழே போகக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. வேகமாக இறங்கினால் தசையும் கரையும், பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும்.

முதல் நாளிலேயே குறைத்துச் சாப்பிட ஆரம்பிக்கலாமா?

ஒரு வாரம் பொறுங்கள். இலக்கை "எடையைப் பராமரி" என்று வைத்துவிட்டு, வழக்கமாகச் சாப்பிடுவதை அப்படியே எழுதுங்கள். அந்த வாரம் கற்றுக்கொள்ளத்தான்: தராசு பழக வேண்டும், அடிக்கடி சாப்பிடும் இருபது முப்பது உணவுகளை ஆப்பில் சேமிக்க வேண்டும், கலோரி எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். பலருக்கு அது சாப்பாட்டுத் தட்டில் இருக்காது. சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளை மீதி வைத்தது, நாளுக்கு நான்கு வேளை சர்க்கரை போட்டுக் குடித்தது என்று வெளியே நிற்கும்.

சமையலறைத் தராசு கட்டாயமா? கிண்ணம், கரண்டிக் கணக்கு போதாதா?

முதல் இரண்டு மாதத்துக்குக் கட்டாயம். 1 கிராம் துல்லியமும் 5 கிலோ வரை தாங்கும் திறனும் உள்ள டிஜிட்டல் தராசு போதும். கிண்ணம் திரவத்துக்குப் பரவாயில்லை. கடலை, பருப்பு, வெண்ணெய் போன்றவற்றில் கைவிடும். வேர்க்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 567 கலோரி. "ஒரு கைப்பிடி" 25 கிராமாகவும் இருக்கலாம், 45 கிராமாகவும் இருக்கலாம். வித்தியாசம் 110 கலோரிக்கு மேல்.

தட்டைத் தராசில் வைத்து, பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்தி, உணவைப் போட்டு, எண்ணைக் குறித்து, மறுபடி பூச்சியமாக்கி அடுத்ததைப் போடுங்கள். ஒட்டும் பொருளுக்கு இதைத் தலைகீழாகச் செய்யலாம். வேர்க்கடலை வெண்ணெய் புட்டியையே தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். கரண்டியால் எடுத்த பிறகு திரையில் −18 என்று வரும். நீங்கள் எடுத்தது 18 கிராம். கரண்டியைச் சுரண்டி அளக்க வேண்டியதில்லை.

தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, எடை அச்சிட்ட பிரிக்காத பொட்டலம் ஒன்றை வையுங்கள். உறையின் எடை சேர்ந்து சற்றே கூடுதலாகக் காட்ட வேண்டும். எண் நிலையில்லாமல் ஓடினால் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது தராசின் கால் ஒன்று தரையைத் தொடாமல் நிற்கும்.

எடை போடுவது சமைப்பதற்கு முன்பா, பின்பா?

இரண்டில் எதுவானாலும் சரி, ஆப்பில் தேர்ந்தெடுக்கும் பதிவு அதனோடு பொருந்த வேண்டும். இங்கே நடக்கும் பிழைதான் எல்லாவற்றிலும் பெரியது. சமைக்காத அரிசி 100 கிராமுக்குச் சுமார் 360 கலோரி. வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130. கலோரி எங்கும் ஓடிவிடவில்லை, தண்ணீர் உள்ளே போய் எடையைக் கூட்டியிருக்கிறது. 200 கிராம் சோற்றை எடை போட்டுவிட்டு, ஆப்பில் "அரிசி" என்று முதலில் வந்த சமைக்காத அரிசிப் பதிவைத் தட்டினால் 720 கலோரி விழும், உண்மை 260. இறைச்சியில் இது எதிர்த்திசையில் போகும். வேகும்போது தண்ணீர் வெளியேறி எடை குறைவதால், தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி சமைக்கும் முன் 100 கிராமுக்கு 120 கலோரி, சமைத்த பின் 165.

முடிந்தால் சமைப்பதற்கு முன் போடுங்கள். வேகவிடும் நேரத்தைப் பொறுத்து வெந்த உணவின் ஈரப்பதம் மாறும். சமைக்காத பொருளில் அந்தச் சிக்கல் இல்லை.

குடும்பம் முழுவதுக்கும் ஒரே பாத்திரத்தில் சமைக்கிறோம். என் பங்கை எப்படிக் கணக்கிடுவது?

ஆப்பில் "சமையல் குறிப்பு உருவாக்கு" என்றொரு இடம் இருக்கும். பலர் அங்கே "4 பேருக்கு" என்று போட்டுவிடுகிறார்கள். நான்கு பேரும் ஒரே அளவு சாப்பிடுவதில்லை என்பதால் அது வெறும் ஊகம். எடையால் பிரிப்பதே சரி.

முதலில் காலிப் பாத்திரத்தை எடை போட்டு எங்காவது குறித்து வையுங்கள். பாத்திரத்தின் எடை மாறப் போவதில்லை. போனில் ஒரு குறிப்பாகப் போட்டு வைத்தால் அடுத்த முறை இந்த வேலை மிச்சம். ஒவ்வொரு பொருளையும் போடும்போது எடை பார்த்து ஆப்பில் சேருங்கள். தண்ணீரை எழுத வேண்டாம். ஒரு பருப்புக் குழம்பு என்று வைத்துக்கொள்வோம்: காய்ந்த பருப்பு 200 கிராம் 700 கலோரி, எண்ணெய் 27 கிராம் 240, வெங்காயம் 150 கிராம் 60, தக்காளி 200 கிராம் 36. மொத்தம் 1,036. சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு எடை போடுங்கள். 1,820 கிராம் வருகிறது, பாத்திரம் 640. குழம்பு 1,180 கிராம்.

இப்போது "எத்தனை பரிமாறல்" என்ற கட்டத்தில் 11.8 என்று போடுங்கள். ஒரு பரிமாறல் என்பது 100 கிராம், 88 கலோரி என்றாகிவிடும். உங்கள் கிண்ணத்தில் விழுந்தது 240 கிராம் என்றால் 2.4 பரிமாறல், 211 கலோரி. சிலர் அதே கட்டத்தில் 1180 என்று போட்டு ஒரு பரிமாறலை 1 கிராமாக ஆக்கப் பார்ப்பார்கள். சில ஆப்கள் ஒரு பரிமாறலின் கலோரியை முழு எண்ணாக்கிவிடும், 0.88 என்பது 1 ஆகி, 211 என்பது 240 ஆகிவிடும். 100 கிராம் கணக்கே பாதுகாப்பு.

இறக்கிய சூட்டில் தராசில் வைக்கும்போது அடியில் தடிப்பான துணி போட்டு, துணியோடு பூச்சியமாக்கிக்கொள்ளுங்கள். சூடு பட்டால் தராசு தப்பாகக் காட்டும், பிளாஸ்டிக்கும் உருகும்.

எண்ணெயை எழுத வேண்டுமா? ஒரு சொட்டுத்தானே விடுகிறேன்.

அந்தச் சொட்டைத்தான் முதலில் எழுத வேண்டும். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, எண்ணெய் கிட்டத்தட்ட 14 கிராம், 120 கலோரி. எந்த எண்ணெயாக இருந்தாலும் இதுதான். "இதயத்துக்கு நல்லது" என்று எழுதியிருப்பதால் கலோரி குறைவதில்லை. புட்டியைச் சமைக்கும் முன்னும் பின்னும் எடை போட்டால் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று தெரிந்துவிடும்.

பொரிப்பதற்கு: வாணலியையும் எண்ணெயையும் சேர்த்துப் பொரிக்கும் முன் எடை போடுங்கள், ஆறிய பிறகு மறுபடி போடுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுவே உணவுக்குள் போன எண்ணெய். உணவிலிருந்து உதிர்ந்த துகள்கள் வாணலியில் கிடந்தால் வடித்துவிட்டுப் போடுங்கள். நூற்றுக்கு நூறு துல்லியம் வராது, ஆனால் "பொரித்தது ஒரு தட்டு" என்ற ஊகத்தைவிட எவ்வளவோ மேல்.

தெளிக்கும் எண்ணெயில் "0 கலோரி" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அமெரிக்க விதிப்படி ஒரு பரிமாறலில் 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் பூச்சியம் என்று அச்சிடலாம். பரிமாறல் அளவை நொடிக்கும் குறைவான ஒரு தெளிப்பாக வைத்தால் வேலை முடிந்தது. உள்ளே இருப்பது அதே எண்ணெய்தான்.

பார்கோடு ஸ்கேன் செய்தால் சரியாகத்தானே வரும்?

அந்தக் கோடுகளுக்குள் கலோரி எதுவும் இல்லை. ஓர் எண் மட்டுமே இருக்கிறது. ஆப் அந்த எண்ணைத் தன் பட்டியலில் தேடுகிறது. பட்டியலில் யாராவது தப்பாக ஏற்றியிருந்தால் தப்பாகத்தான் வரும். நிறுவனம் செய்முறையை மாற்றிவிட்டு அதே எண்ணைத் தொடர்ந்தாலும் பழைய கலோரி வரும். ஸ்கேன் செய்த முதல் முறை மட்டும் பொட்டலத்தின் பின்பக்க அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சரியென்றால் பிடித்தவை பட்டியலில் சேர்த்துவிடுங்கள். "100 கிராமுக்கு" என்றும் "ஒரு பரிமாறலுக்கு" என்றும் இரண்டு பத்தி இருந்தால் எதை எடுத்திருக்கிறது என்று பார்ப்பது அவசியம்.

தேடினால் ஒரே உணவுக்குப் பல எண்கள் வருகின்றன. எது சரி?

4-4-9 போட்டுப் பாருங்கள். புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்து 4, கொழுப்பு 9. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் நடத்திய சோதனைகளிலிருந்து வந்த எண்கள் இவை; உலகம் முழுதும் உணவு அட்டவணைகள் இன்னும் இவற்றைச் சுற்றியே போடப்படுகின்றன. ஒரு பதிவில் புரதம் 10, மாவுச்சத்து 20, கொழுப்பு 12 கிராம் என்று இருந்தால் 40 + 80 + 108, அதாவது 228 வர வேண்டும். அங்கே 120 என்று எழுதியிருந்தால் அந்தப் பதிவை விட்டுவிடுங்கள். பத்து, பதினைந்து வித்தியாசம் பரவாயில்லை. நார்ச்சத்து அதிகமுள்ளதில் கணக்கு சற்று மேலே போகும், ஏனெனில் நார்ச்சத்து தருவது கிராமுக்கு 2 கலோரி அளவே. மதுவில் 4-4-9 பொருந்தாது. ஆல்கஹால் தனியாக 7.

"வீட்டுக் குழம்பு 1 கிண்ணம்" போன்ற பதிவுகளைத் தொடவே வேண்டாம். யார் வீடு, எந்தக் கிண்ணம்?

போட்டோ எடுத்தால் கலோரி சொல்லும் ஆப்கள்?

தட்டில் என்ன இருக்கிறது என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்பதில் தடுமாறும். கிண்ணத்தின் ஆழம் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. உள்ளே போன எண்ணெயும் வெண்ணெயும் எந்தக் கேமராவுக்கும் தெரியாது. எழுத மறந்துவிடாமல் இருக்கப் படம் எடுத்து வைத்து, எடையை நீங்களே திருத்துங்கள்.

வெளியில் சாப்பிட்டால்?

ஆப்பில் அதை ஒத்த நான்கைந்து பதிவுகளைப் பார்த்து, நடுவில் உள்ளதற்கும் உயர்ந்ததற்கும் இடையே ஒன்றை எடுங்கள். அதோடு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைத் தனியாகச் சேருங்கள். வாரத்தில் ஓரிரு வேளை என்றால் இது போதும். வாரத்தில் பத்து வேளை வெளியே என்றால் கணக்கில் பாதி ஊகமாகிவிடும். அப்போது எடைப் போக்கை மட்டும் நம்பி இலக்கைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

நடந்து எரித்த 300 கலோரியை ஆப் திருப்பித் தருகிறதே, அதைச் சாப்பிடலாமா?

இரண்டு காரணத்தால் கவனம் தேவை. ஒன்று, கைக்கடிகாரங்கள் எரித்த கலோரியை நம்பகமாகச் சொல்வதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை ஏழில் ஆறு 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியிலோ மிகத் துல்லியமான கருவியே சராசரியாக 27% தவறியது, மோசமானது 93%.

இரண்டு, இரட்டைக் கணக்கு. தொடக்கத்தில் உழைப்பு நிலையை 1.55 என்று வைத்தபோதே பயிற்சி உள்ளே வந்துவிட்டது. அதன் மேல் நடையையும் தனியாகச் சேர்த்தால் அதே நடைக்கு இரண்டு முறை சாப்பிடுகிறீர்கள். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: உழைப்பு நிலையைக் கீழே வைத்துப் பயிற்சியின் பாதியை மட்டும் திருப்பிச் சாப்பிடலாம், அல்லது நிலையைச் சரியாக வைத்துவிட்டுப் பயிற்சிக் கலோரி சேர்க்கும் வசதியை அணைத்துவிடலாம். இரண்டாவது வழியில் தலைவலி குறைவு.

நேற்று 73.2, இன்று 74.1. ஒரே இரவில் 900 கிராம் கொழுப்பு ஏறியதா?

900 கிராம் கொழுப்பு ஏற வேண்டுமானால், செலவுக்கு மேல் கிட்டத்தட்ட 7,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஏறியது தண்ணீர். உப்பு அதிகமான இரவு உணவு, மலச்சிக்கல், பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் தசை வலி, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், இவை ஒவ்வொன்றும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உடலில் சேமித்த மாவுச்சத்து கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரோடுதான் இருக்கும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ சட்டென்று இறங்குவதற்கும், ஒரு விருந்துக்குப் பின் அது திரும்பி வருவதற்கும் இதுவே காரணம்.

காலையில் எழுந்து, கழிவறைக்குப் போய்வந்து, எதுவும் குடிக்காமல், தினமும் எடை பாருங்கள். எடை மெஷின் கெட்டியான தரையில் இருக்க வேண்டும், விரிப்பின் மேல் வேண்டாம். அன்றைய எண்ணைப் பொருட்படுத்தாமல் ஏழு நாள் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய் வரும் பெண்கள், போன மாதச் சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். தினம் எண்ணைப் பார்த்தால் மனம் குலையும் என்பவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் பார்த்தாலும் போதும்.

மூன்று வாரமாக எடை நின்றுவிட்டது. கலோரியை இன்னும் குறைக்கவா?

முதலில் பதிவைச் சோதியுங்கள். மூன்று நாளுக்கு, வாயில் போகும் எல்லாவற்றையும் எடை போட்டு எழுதுங்கள். நின்றுபோனதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேயே அகப்படும்: தராசு அலமாரிக்குப் போயிருக்கும், "நேற்றைய உணவை நகலெடு" பொத்தான் அதிகம் வேலை செய்திருக்கும், சனி ஞாயிறு எழுதப்படாமல் இருக்கும். ஐந்து நாள் 400 வீதம் சேமித்த 2,000-ஐ, வார இறுதி இரண்டு நாளில் ஆயிரம் ஆயிரமாகக் கரைப்பது கடினமான காரியமே இல்லை.

பதிவு சரியாக இருந்தால், சூத்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டு உங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். இதற்காகத்தான் இத்தனை நாள் எழுதியது. கடந்த 21 நாளின் சராசரி உணவு 1,900 கலோரி, சராசரி எடை இறங்கியது 0.9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 0.9 × 7,700 என்றால் 6,930. அதை 21-ஆல் வகுத்தால் 330. உங்கள் நாள் செலவு 1,900 + 330, அதாவது 2,230. எடை இறங்கவே இல்லை என்றால் சாப்பிடும் அளவே உங்கள் செலவு. அதிலிருந்து 200, 300 கழித்துப் புதிய இலக்கு வையுங்கள். இதில் ஒரு நல்ல விஷயம்: பதிவில் நீங்கள் எப்போதும் ஒரே மாதிரி 10% குறைத்து எழுதினாலும் இந்தக் கணக்கு வேலை செய்யும், ஏனென்றால் அந்தப் பிழையும் உங்கள் எண்ணுக்குள் சேர்ந்தே வருகிறது. ஒரு வாரம் கண்டிப்பாகவும் மறுவாரம் ஏனோதானோவென்றும் எழுதினால்தான் கெடும்.

ஐந்தாறு கிலோ இறங்கிய பிறகு இதை மறுபடி போடுங்கள். சிறிய உடல் குறைவாகவே எரிக்கும். அதற்கு மேலும் உடல் சிறிது சிக்கனம் பிடிக்கும்.

புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றையும் இலக்குப்படி வைக்க வேண்டுமா?

புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எடை குறைக்கும் காலத்தில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம், 74 கிலோவுக்கு 89 முதல் 118 கிராம். பசி அடங்கும், தசை கரைவது குறையும், கூடவே எடை தூக்கும் பயிற்சி இருந்தால் இன்னும் நல்லது. எடை மிக அதிகமுள்ளவர்கள் இலக்கு எடையை வைத்துக் கணக்கிடலாம். சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவே அளவு. மீதிக் கலோரியை மாவுச்சத்துக்கும் கொழுப்புக்கும் எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் நாக்கு முடிவு செய்யட்டும்.

யார் இந்த வழிக்கு வரக் கூடாது?

கர்ப்பிணிகள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், ஏற்கெனவே எடை குறைவாக இருப்பவர்கள். உண்ணுதல் தொடர்பான மனநோய் இருந்தவர்களும் விலகி இருப்பது நல்லது. பாலூட்டும் தாய்மார் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுக்கும் நீரிழிவு நோயாளிகள் உணவைக் குறைத்தால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம்; மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தந்த பிறகே தொடங்க வேண்டும்.

தொடங்கியவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். எழுத முடியாது என்பதற்காக அழைப்புகளைத் தவிர்ப்பது, இலக்கை 50 கலோரி தாண்டினால் குற்றவுணர்ச்சி, மறுநாள் பட்டினி, இவை தலைகாட்டினால் ஆப்பை நீக்கிவிட்டு யாரிடமாவது பேசுங்கள்.

ஒரு நாள் எழுத விட்டுப்போனால்?

காலியாக விடாதீர்கள். காலி நாளைச் சில ஆப்கள் பூச்சியமாக எடுத்துச் சராசரியைக் கெடுக்கும். "விரைவாகச் சேர்" என்ற இடத்தில் நியாயமாக ஓர் ஊக எண்ணைப் போட்டுவிட்டு நகருங்கள். நள்ளிரவு தாண்டிச் சாப்பிட்டதை ஆப் மறுநாளில் போடும். தேதியை மாற்றிக்கொள்ளலாம், மாற்றாவிட்டாலும் வாரச் சராசரியில் எதுவும் கெடாது.

நடையடிகள் வந்து சேருவதில்லை, அல்லது இரட்டிப்பாக வருகின்றன.

வராவிட்டால், ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட், ஐபோனில் ஹெல்த் ஆப்புக்குள் போய் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இருந்தும் வரவில்லை என்றால், ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு வசதி பின்னணியில் ஆப்பை நிறுத்தியிருக்கும். அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இரட்டிப்பாக வந்தால் போனும் கடிகாரமும் ஒரே நடையைத் தனித்தனியே அனுப்புகின்றன. ஒன்றை மட்டும் மூலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம், தனிப்பட்ட தரவு பற்றி?

ஆப்பைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் பணம் தானாகப் பிடிக்கப்படும். பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் நிறுத்த வேண்டும். சோதனைக் காலத்தின் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். பார்கோடுக்குக் கேமரா அனுமதி தேவை. தொடர்பு எண்களும் இருப்பிடமும் கலோரி எண்ணத் தேவையில்லை. மற்ற இடங்களில் பயன்படுத்தும் கடவுச்சொல்லை இங்கே போடாதீர்கள்: 2018-இல் மைஃபிட்னஸ்பாலின் சுமார் 15 கோடி கணக்குகளின் விவரங்கள் கசிந்தன.

வாழ்நாள் முழுதும் எழுத வேண்டுமா?

வேண்டாம். இலக்கு எடைக்கு வந்ததும் ஒரேயடியாகப் பழைய அளவுக்குத் திரும்பாமல், வாரத்துக்கு 100, 150 கலோரியாகக் கூட்டி, சராசரி எடை அசையாத இடத்தில் நில்லுங்கள். அங்கே நான்கு வாரம் எழுதினால் உங்கள் தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். பிறகு உணவை எழுதுவதை நிறுத்தலாம், எடை பார்ப்பதைத் தொடருங்கள். வாரச் சராசரி இலக்கைவிட 2 கிலோ ஏறினால் இரண்டு வாரம் மறுபடி எழுதிப் பாருங்கள். ஆப்பை நீக்கும் முன் தரவைக் கோப்பாக எடுத்து வையுங்கள். பல மாத உழைப்பில் கண்டுபிடித்த உங்கள் நாள் செலவும் சமையல் குறிப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன.